ஒன்றரை வயதுக் குழந்தையோடு வட ஐரோப்பா: போகலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி: 2024 பிப்ரவரி 11, காலை

எங்களுக்கு நான்கு வயதில் ஒரு பெண்ணும் ஒரு வயதில் ஒரு பையனும் இருக்கிறார்கள். வரும் ஜூலை மாதம் டென்மார்க், ஸ்வீடன், ஃபின்லாந்து மூன்றையும் பார்த்துவர ஆசைப்படுகிறோம். இந்த வயதில் எதுவும் நினைவில் நிற்காது, காசுக்குக் கேடு, குளிரில் காய்ச்சல் வந்துவிடும், பிள்ளைகளுக்குப் பத்து வயதானபின் போங்கள் என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். போய்வந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

2024 பிப்ரவரி 11, இரவு

போகலாம். நாங்கள் 2023 ஜூன் மாதத்தில் போய்வந்தோம்: நான், கணவர், அறுபத்தாறு வயதான என் அம்மா, ஐந்து வயது மகள், ஒன்றரை வயது மகன். நார்வேயில் நான்கு இரவு, டென்மார்க்கில் நான்கு, ஸ்வீடனில் ஆறு, கப்பலில் ஒன்று, ஃபின்லாந்தில் ஐந்து என மொத்தம் இருபது இரவுகள். எங்களையும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். அம்மா ஒரு பெட்டி நிறையக் குரங்குக் குல்லாய்களை அடுக்கிக்கொண்டு வந்தார். ஸ்டாக்ஹோமில் வெயில் அடித்த அடியில் அவை உறை பிரிக்கப்படாமலே கோவைக்குத் திரும்பின.

எங்களை உண்மையில் படுத்தியெடுத்தது வெளிச்சம். அதைப் பற்றி எங்களிடம் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கோவையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் பதின்மூன்று மணி நேரம் எட்டாது. இருட்டினால் தூக்கம் என்பது பிறந்ததிலிருந்து என் பிள்ளைகளின் உடம்பில் ஊறிய கணக்கு. ஸ்டாக்ஹோமில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது, அதிகாலை மூன்றரைக்கு மறுபடி வந்துவிடுகிறது, இடைப்பட்ட நேரத்திலும் வானம் முழுதாகக் கறுப்பதில்லை. “சூரியன் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறது, என்னை மட்டும் ஏன் படுக்கச் சொல்கிறாய்?” என்று மகள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆகவே முதல் அறிவுரை: குல்லாயை விட்டுவிடுங்கள், இருட்டை எடுத்துச் செல்லுங்கள். கறுப்புக் குப்பைப் பைகள் ஒரு சுருள், சுவரில் தடம் விடாத காகித ஒட்டுநாடா ஒரு சுருள் போதும். கோபன்ஹேகனில் நாங்கள் எடுத்த வாடகை வீட்டில் ‘தடித்த திரைச்சீலைகள் உண்டு’ என்று எழுதியிருந்ததை நம்பிப் போனோம். போய்ப் பார்த்தால் வேட்டியை விட மெல்லிய வெள்ளைத் துணி தொங்கியது. இரவு பதினொன்றரை மணிக்குக் கணவர் நாற்காலி மேல் ஏறி நின்று சன்னலுக்குக் குப்பைப் பை ஒட்டிய காட்சியை எதிர்வீட்டார் என்னவென்று நினைத்தார்களோ தெரியாது.

2024 பிப்ரவரி 12

நேற்று ஒன்றை எழுத விட்டுப்போனது. கோடைக்காலத்தில் இந்தியாவுக்கும் கோபன்ஹேகனுக்கும் நேர வேறுபாடு மூன்றரை மணி, ஹெல்சிங்கிக்கு இரண்டரை மணி. நம் ஊரில் ஒன்பது மணிக்குத் தூங்கும் குழந்தை அங்கே மாலை ஐந்தரைக்கே சொக்கும். அதை மாற்றப் போராடாமல் ஏழு மணிக்குத் தூங்கவைத்து நான்கரைக்கு எழுந்துகொள்ள விட்டுவிடுங்கள். ஊர் உறங்கும்போது கடற்கரையும் வீதியும் உங்களுக்கே சொந்தம்.

2024 பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “நான்கரைக்கு எழுந்து அந்த வீதியில் நடந்தது யார், நீயா?” என்று கேட்டார். நடந்தது அவர்தான், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால், ஐந்தரை மணி நேரம் வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தாராம். எனவே திருத்திக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு அரை மணி நேரமாகத் தூக்கத்தைத் தள்ளிக்கொண்டே போய், உள்ளூர் நேரத்தில் எட்டரைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். எங்களுக்கு அது ஸ்டாக்ஹோமில்தான் கைகூடியது. அதுவரை, உங்களோடு ஒரு பாட்டி வரவில்லையென்றால், அந்த வாத்துகளை நீங்கள்தான் எண்ண வேண்டும்.

2024 பிப்ரவரி 14

தள்ளுவண்டி எடுத்துப் போக வேண்டுமா, அங்கே வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துப் போங்கள். நம் ஊரில் தள்ளுவண்டி என்பது வீட்டு வரவேற்பறையில் துணி காயப்போடும் சாதனம். அங்கே அது கிட்டத்தட்ட ஒரு பயணச்சீட்டு. ஸ்டாக்ஹோம் பேருந்தில் குழந்தையை வைத்த தள்ளுவண்டியோடு நடுக்கதவு வழியாக ஏறுகிறவருக்குக் கட்டணம் கிடையாது. ஹெல்சிங்கியில் பேருந்து மட்டுமின்றி டிராம், மெட்ரோ, சுவோமென்லின்னா தீவுக்கோட்டைக்குப் போகும் படகு வரை அதே சலுகை உண்டு. மகனுடைய வண்டியைத் தள்ளுவதற்கு எங்கள் குடும்பத்தில் முதல் முறையாகப் போட்டி வந்தது அங்கேதான். கோபன்ஹேகனில் ஒரு பெரியவரோடு பன்னிரண்டு வயதுக்குட்பட்ட இருவர் கட்டணமின்றிப் போகலாம். ஸ்டாக்ஹோமில் ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சீட்டே வேண்டாம். செலவு அதிகம் என்று எல்லோரும் சொல்வது உண்மைதான், ஆனால் அந்தச் செலவு பெரும்பாலும் பெரியவர்கள் தலையில்தான் விழுகிறது.

சக்கரம் பெரிதாக உள்ள வண்டியாகப் பாருங்கள். ஸ்டாக்ஹோமின் பழைய நகரான காம்லா ஸ்டானில் உருளைக்கல் பாவிய தெருக்கள். எங்களுடைய விமானத்துக்கேற்ற மடக்கு வண்டியின் சின்னச் சக்கரங்கள் அங்கே மகனை மாவு சலிப்பதைப் போலச் சலித்தன. ஆச்சரியம் என்னவென்றால் அதில்தான் அவன் அசந்து தூங்கினான்.

தூக்கம் என்றதும் இன்னொன்று. டென்மார்க்கில் உணவகங்களின் வாசலில் குழந்தைகளை வண்டியிலேயே தூங்கவிட்டுவிட்டுப் பெற்றோர் உள்ளே காப்பி குடிப்பதைப் பார்ப்பீர்கள். குளிர்காலத்திலும் வெளிக்காற்றில் தூங்கவைப்பது அங்கே பழக்கம். முதல் நாள் அம்மா அப்படி ஒரு வண்டிக்குக் காவலாக இருபது நிமிடம் நின்றார். குழந்தையின் தகப்பனார் வெளியே வந்து, இந்தப் பாட்டி யார் என்று விழித்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லாததால் இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

2024 பிப்ரவரி 20

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கேட்கிறீர்கள். என்னுடைய பட்டியல் உங்களுக்கு ஏமாற்றம் தரக்கூடும், ஏனென்றால் அதில் பாதி வண்டிகள்.

கோபன்ஹேகன் மெட்ரோவில் ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன்கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தால் சுரங்கமும் நிலையங்களும் நம்மை நோக்கி ஓடிவரும். 2019இல் திறந்த வட்டப்பாதை ஒன்று இருக்கிறது. பதினேழு நிலையங்கள், ஒரு சுற்றுக்கு இருபத்துநான்கு நிமிடம். என் மகள் அந்த ரயிலைத் தானே ஓட்டுவதாக முடிவுசெய்துகொண்டு, விட்டால் மூன்றாவது சுற்றுக்கும் தயாராக இருந்தாள். டிவோலி கேளிக்கைப் பூங்காவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1843இல் தொடங்கியது, இரவு விளக்கில் அழகானது, ஆனால் நுழைவுக்கு ஒரு கட்டணம், உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிக் கட்டணம், அந்த விளக்குகளை ஏற்றும் வேளைக்கோ உங்கள் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அதற்குப் பதில் ஃபேலட்பார்க்கன் பூங்காவில் குழந்தைகளுக்கென்றே சாலை, சைகைக்குறி, நடைபாதைக் கோடு எல்லாம் சின்ன அளவில் போட்டு வைத்திருக்கிறார்கள். போக்குவரத்து விதிகளைக் கற்றுக்கொண்டே சைக்கிள் ஓட்டலாம். என் மகள் அங்கே ஒரு டேனியச் சிறுவனைத் தவறான பக்கம் வந்ததற்காகத் தமிழில் கண்டித்தாள். தவறான பக்கத்தில் வந்தவள் இவள்தான்; அந்நாட்டில் சாலையின் வலப்பக்கம் போக வேண்டும் என்பதை நாங்கள் சொல்லித் தரவில்லை.

கோபன்ஹேகனிலிருந்து ஸ்வீடனின் மால்மோ நகருக்குப் போகும் ரயிலில் பகலில் ஏறுங்கள். 2000ஆம் ஆண்டில் திறந்த ஓரசுண்ட் பாலம் பாதிதான் பாலம். விமானநிலையம் அருகிலேயே இருப்பதாலும் கப்பல்கள் போக வழி வேண்டியிருந்ததாலும் டென்மார்க் பக்கம் நான்கு கிலோமீட்டருக்கு அது கடலடிச் சுரங்கம். பிறகு அதற்காகவே உருவாக்கிய ஒரு செயற்கைத் தீவில் தலைதூக்கி, அங்கிருந்து பாலமாகிறது. “கடலுக்குள்ளே போய்க் கடலுக்கு மேலே வந்தோம்” என்று மகள் தன் தாத்தாவிடம் கைபேசியில் சொன்னபோது அவர் கதை விடுகிறாள் என்றே நினைத்தார்.

ஸ்டாக்ஹோமில் வாசா கப்பல். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் கிளம்பி ஏறக்குறைய 1,300 மீட்டர் போனதும் கவிழ்ந்து மூழ்கிய போர்க்கப்பலை 1961இல் மேலே கொண்டுவந்து, ஒரு பெரிய கட்டடத்துக்குள் முழுதாக நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு வாழ்நாளில் பார்த்த சிறந்த அருங்காட்சியகம் அதுதான். மரம் கெடாதிருக்க உள்ளே மங்கல் வெளிச்சம். ஒன்றரை வயதுக்காரனுக்கு அது போதவில்லை, அழத் தொடங்கினான். நாங்களும் ஏறக்குறைய 1,300 மீட்டரில் மூழ்கினோம். கணவரும் நானும் முறை வைத்துக்கொண்டு ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே என்று பார்த்து முடித்தோம்.

2024 பிப்ரவரி 21

ஸ்கான்சனை விட்டுவிட்டேனே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1891இல் அர்தூர் ஹசேலியுஸ் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் அது. ஸ்வீடனின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து குன்றின் மேல் நிறுவியிருக்கிறார்கள், கூடவே கரடி, ஓநாய், பெரிய கொம்பு மான் எல்லாம் உண்டு. ஒரு நாள் முழுக்கப் போதும். முக்கியமான செய்தி: அது குன்று. தள்ளுவண்டியோடும் மூட்டுவலியுள்ள பாட்டியோடும் போகிறவர்கள், இழுவை ரயில் உள்ள வாசல் எது என்று முதலில் பார்த்துக்கொண்டு அந்த வழியே நுழையுங்கள். நாங்கள் மறுவாசலில் நுழைந்து ஏறினோம். அம்மா அதைப் பழனி என்றே இன்றும் குறிப்பிடுகிறார்.

2024 மார்ச் 2

கப்பல் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் குறித்து நான் முதலில் சொன்னதற்கு விடை அங்கேதான் கிடைத்தது.

ஸ்டாக்ஹோமில் மாலை ஐந்து மணியளவில் கிளம்பும் கப்பல் மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் ஹெல்சிங்கி சேர்கிறது. முதல் சில மணி நேரம் ஆயிரக்கணக்கான தீவுகளுக்கு நடுவே அது ஊர்ந்து போகும். ஒவ்வொரு தீவிலும் ஒரு சிவப்பு வீடு, ஒரு படகு, ஒரு கொடிக்கம்பம். பணத்தை மிச்சப்படுத்த நாங்கள் சன்னல் இல்லாத உள்ளறையைத்தான் எடுத்திருந்தோம், கடலைப் பார்க்காமல் கப்பலில் போவதா என்று அம்மாவுக்கு மனக்குறை. விளக்கை அணைத்தோம். பதினைந்து நாளில் முதல் முறையாக எங்களைச் சுற்றி உண்மையான இருட்டு. பத்து நிமிடத்தில் இரண்டு பிள்ளைகளும் தூங்கிப்போனார்கள், காலை எட்டரை வரை அசையவில்லை. அதிகப் பணம் கொடுத்துக் கடல் பார்த்த அறை எடுத்த ஒரு ஜெர்மானியக் குடும்பத்தைக் காலை உணவின்போது பார்த்தோம். அந்தப் பெற்றோரின் கண்கள் எங்கள் கோபன்ஹேகன் கண்களைப் போலவே இருந்தன. சன்னல் இல்லாத அறையை இழிவாக நினைக்காதீர்கள். ஜூன், ஜூலையில் அந்தக் கடலில் விற்கப்படுவதிலேயே விலைமதிப்புள்ள சரக்கு அதுதான், அதை மலிவு விலையில் விற்கிறார்கள்.

நள்ளிரவு வாக்கில் கப்பல் ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் நடுவிலுள்ள ஓலந்து தீவுகளின் மரியேஹாம்ன் துறைமுகத்தைத் தொட்டுவிட்டுப் போகும். அந்தத் தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே ஒரு முறை நின்றால் கப்பல் கடையில் வரியில்லாமல் சாராயம் விற்கலாம், காரணம் அவ்வளவுதான். கரையணையும்போது கப்பலின் அடிவயிற்றில் ஒரு நடுக்கம் வரும். கீழ்த்தளத்து அறைகளில் அது நன்றாகக் கேட்கும் என்பதால், லேசான தூக்கக்காரக் குழந்தையென்றால் சற்று மேல்தளத்தில் உள்ளறையாகப் பாருங்கள். ஃபின்லாந்து கடிகாரம் ஸ்வீடனை விட ஒரு மணி நேரம் முந்தியது என்பதையும் மறக்காதீர்கள். நாங்கள் மறந்து, காலை உணவுக்கூடம் மூடுவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஓடினோம்.

2024 மார்ச் 3

நார்வேயையும் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு: மூன்று நாடுகளே அதிகம். நாங்கள் நான்காவதைச் சேர்த்ததுதான் தவறு.

ஆஸ்லோவில் ஓரிரவு, பெர்கனில் மூன்று இரவு என்பது எங்கள் திட்டம். ஆஸ்லோ–பெர்கன் ரயில் ஏழு மணி நேரம், ஆனால் அந்த ஏழு மணி நேரம் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குடும்பங்களுக்கான பெட்டியில் குழந்தைகள் விளையாட ஒரு மூலை இருக்கிறது. சீட்டு எடுக்கும்போதே அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே நிலையத்தைத் தாண்டியபோது ஜூன் மாதத்திலும் தண்டவாளத்தின் இரு பக்கமும் பனி கிடந்தது. அம்மா முதன்முதலாகப் பனியைப் பார்த்தது ரயில் சன்னல் வழியாகத்தான்.

தவறு அதற்கு அடுத்த நாள் நடந்தது. பெர்கனிலிருந்து ரயிலில் வோஸ், அங்கிருந்து பேருந்தில் குட்வாங்கன், அங்கிருந்து இரண்டு மணி நேரம் கப்பலில், மலைகளுக்கு நடுவே நுழையும் கடற்கிளையான நேரோய் ஃபியோர்டு வழியாக ஃப்ளோம், அங்கிருந்து மலை ரயிலில் மிர்டால், மறுபடி ரயிலில் பெர்கன் என்று ஒரே நாளில் ஐந்து வண்டிகள். ஒவ்வொரு முறையும் தள்ளுவண்டியை மடக்கு, விரி, பையை எண்ணு, பிள்ளைகளை எண்ணு, பாட்டியை எண்ணு. மிகக் குறுகிய இடத்தில் 250 மீட்டரே அகலமுள்ள அந்த நீர்வழியில், இருபுறமும் செங்குத்தான மலைகள் எழுந்து நிற்க, மகன் தூங்கிக்கொண்டிருந்தான், மகள் கப்பலின் தானியங்கிக் கதவைத் திறந்து மூடுவதில் மூழ்கியிருந்தாள். ஃப்ளோம் மலை ரயில் இருபது கிலோமீட்டரில் இருபது சுரங்கங்களைக் கடக்கிறது. நடுவில் ஷோஸ் அருவி அருகே ஐந்து நிமிடம் நிற்கும்போது, நார்வேயின் நாட்டார் கதைகளில் வரும் மோகினியாக வேடமிட்ட பெண் ஒருவர் பாறை மேல் சிவப்பு உடையில் தோன்றி இசைக்கு ஆடுவார். பெரியவர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். மகளோ, “அந்த அக்கா கீழே எப்படி இறங்குவாள், யார் கூட்டிவருவார்கள்?” என்று பெர்கன் வரும் வரை அழுதாள்.

2024 மார்ச் 4

கணவர் மேலே உள்ளதைப் படித்துவிட்டு எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார். பயணத்தின் சிறந்த நாளே அதுதானாம். விசாரித்ததில், அன்று மகனைச் சுமந்துகொண்டிருந்தது நான் என்பதும், அவர் மேல்தளத்தில் தனியாக இரண்டு மணி நேரம் நின்றார் என்பதும் நினைவுக்கு வந்தது. எனவே என் தீர்ப்பை இப்படி மாற்றுகிறேன்: ஒருவர் போய்ப் பார்த்துவரட்டும், மற்றவர்கள் பெர்கனிலேயே ஃப்ளோயன் குன்றுக்கு இழுவை ரயிலில் ஏறட்டும். 1918இலிருந்து ஓடும் ரயில். சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரம். உச்சியில் பெரிய விளையாட்டுத் திடல், தாராளமாக உலவும் ஆடுகள். என் பிள்ளைகளுக்கு நார்வே என்றால் இன்றும் அந்த ஆடுகள்தான். ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர் என்று படித்து, உச்சி முதல் பாதம் வரை மூடும் மழையுடைகளைப் பழைய துணிக்கடையில் வாங்கிவைத்திருந்தோம். எங்களுக்கு மூன்று நாளும் வெயில். மழையுடை ஹெல்சிங்கியில் ஒரு மதியத்துக்கு உதவியது.

2024 மார்ச் 17

உணவு. நாங்கள் முட்டை உண்ணும் சைவர்கள், அம்மா முட்டையும் தொடமாட்டார். எல்லா இடத்திலும் சமையலறையோடு கூடிய வீடோ, பொதுச் சமையலறை உள்ள விடுதியோ எடுத்தோம். விடுதி அறையில் திருட்டுத்தனமாகக் குக்கர் வைக்கும் வேலை வேண்டாம். புகையுணரி அலறினால் மானம் போகும்.

தயிர் சாதத்துக்கு என்ன வழி என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குத் தெரியும். ஸ்வீடனில் ஃபில்மியோல்க் என்று அட்டைப் பெட்டியில் ஊற்றக்கூடிய புளித்த பால் கிடைக்கும்; கெட்டி மோர் என்று நினைத்துக்கொள்ளுங்கள், சாதத்தில் நேராகக் கலக்கலாம். ஃபின்லாந்தின் வீலி கையில் எடுத்தால் நூல் நூலாக இழுபடும். எங்கள் வீட்டில் யாரும் இரண்டாம் வாய் கேட்கவில்லை. துருக்கித் தயிர் மிகக் கெட்டி, பால் கலந்து தளர்த்துங்கள். கரேலியப் பிட்டு என்று நான் பெயர் வைத்த ஒரு பண்டம் ஃபின்லாந்தின் எல்லாக் கடைகளிலும் உண்டு: கம்பு போலக் கறுத்த, ரை என்னும் தானியத்தின் மாவில் மெல்லிய ஓடு, ஓரம் சுருக்கி மடித்து, நடுவில் பாலில் குழைய வெந்த சோறு. மகள் அதற்குச் ‘சோற்றுப் படகு’ என்று பெயரிட்டாள், அதுவே சரியான பெயர். மேலே முட்டை கலந்த வெண்ணெய் தடவுவது அவர்கள் வழக்கம். அதைத் தனியாகத்தான் தருவார்கள் என்பதால் அம்மாவும் உண்டார்.

ஆஸ்லோவில் இறங்கிய அன்றே குரோன்லாந்து பகுதியில் தமிழ்க் கடைகளைப் பார்த்தோம். ஈழத்திலிருந்து வந்து பல்லாண்டுகளாக வாழ்கிறவர்கள். “அம்மா எங்கேயிருந்து வாறியள்?” என்று கடைக்காரர் கேட்டதும் அம்மாவுக்கு விமானக் களைப்பு போய்விட்டது. கறிவேப்பிலையும் ஐந்து கிலோ அரிசியும் வாங்கினோம். அந்த அரிசி நான்கு நாடுகளைப் பார்த்துவிட்டுத்தான் தீர்ந்தது.

ஹெல்சிங்கியில் ஒரு வியப்பு காத்திருந்தது. நகராட்சியின் விளையாட்டுப் பூங்காக்களில் கோடை விடுமுறை வார நாட்களில் பதினாறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் மதிய உணவு இலவசம். போர்க்காலத்தில் 1942இல் தொடங்கிய வழக்கத்தை இன்றும் நிறுத்தவில்லை. யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. தட்டும் கரண்டியும் மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல் வெறுங்கையோடு வரிசையில் நின்ற எங்கள் மகளுக்கு, பக்கத்திலிருந்த ஒரு தாய் தன் குழந்தை உண்டு முடித்த கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தார். சத்துணவுக் கூடத்துக்குத் தட்டு எடுத்துக்கொண்டு ஓடிய தலைமுறை நாங்கள், ஹெல்சிங்கியில் தட்டை மறந்துவிட்டோம்.

2024 மார்ச் 17, இரவு

இன்னொன்று, பெரியவர்களோடு போகிறவர்களுக்கு. தண்ணீர் இல்லாத கழிப்பறைகளால் அம்மா இரண்டு வாரம் மனம் நொந்திருந்தார். ஃபின்லாந்தில் ஏறக்குறைய எல்லா வீட்டுக் கழிப்பறையிலும் கைத்தெளிப்பான் உண்டு. அம்மாவின் பார்வையில் ஐரோப்பாவில் நாகரிகம் அடைந்த நாடு அது ஒன்றே.

2024 ஏப்ரல் 5

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? எங்கள் மகனுக்கு ஸ்டாக்ஹோமில் இரண்டாம் நாள் 39 பாகை செல்சியஸ். ஸ்வீடனில் 1177 என்ற எண்ணில் செவிலியர் ஆங்கிலத்தில் பேசுவார். எத்தனை முறை சிறுநீர் கழித்தான், கழுத்தை வளைக்கிறானா, கண்ணில் கண்ணீர் வருகிறதா என்று பொறுமையாகக் கேட்டு, பாராசிட்டமாலும் நீராகாரமும் கொடுக்கச் சொன்னார். எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொன்னார். நம் ஊர் வழக்கப்படி உடனே ஆண்டிபயாட்டிக் எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்றாம் நாள் தானே தணிந்தது. அதே மருந்து ஸ்வீடனில் ஆல்வெடோன், டென்மார்க்கில் பனோடில், நார்வேயில் பாராசெட், ஃபின்லாந்தில் பனடோல் என்ற பெயர்களில் கிடைக்கிறது. நீங்கள் வழக்கமாகக் கொடுப்பதை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். அவசரத்துக்கு 112, நார்வேயில் மட்டும் ஆம்புலன்சுக்கு 113.

குளிரை விட நான் கவலைப்பட்டது உண்ணிக்குத்தான். ஸ்டாக்ஹோம் தீவுகளிலும் ஓலந்திலும் உயரமான புல்லில் உண்ணிகள் இருக்கின்றன, நோயும் பரப்பும். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிவிடுங்கள். இரவில் குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடிக்குள் பாருங்கள். உண்ணியைப் பிடுங்கும் சின்னக் கருவி மருந்துக்கடைகளில் உண்டு.

2024 ஜூன் 15

விசா பற்றி ஏப்ரலில் சிலருக்குச் சொன்ன கட்டணம் இப்போது மாறிவிட்டது. ஜூன் 11 முதல், இந்த நான்கு நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 80 யூரோ என்பது 90 ஆகவும், ஆறிலிருந்து பதினோரு வயது வரை 40 என்பது 45 ஆகவும் உயர்ந்திருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்டோருக்கு முன்போலவே கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கைரேகை வேண்டாம். எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கப்பலில் கழியும் இரவு யார் கணக்கில் சேரும் என்று நானும் கணவரும் ஒரு மாலை முழுக்க வாதாடினோம். ஸ்வீடனுக்கு ஆறு இரவு இருந்ததால் அந்த வழக்கு தீர்ப்பில்லாமலே தள்ளுபடியானது.

2024 ஜூன் 16

எதுவும் நினைவில் நிற்காது என்று உங்கள் வீட்டார் சொன்னதற்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை. நேற்று மகளிடம் கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு இப்போது ஆறு வயது. வாசா கப்பல் நினைவில்லை. ஃபியோர்டு நினைவில்லை. ஹெல்சிங்கி கடையில் காலி பாட்டில்களை விழுங்கிவிட்டுக் காசுச்சீட்டு தரும் இயந்திரம் நினைவிருக்கிறது. அரை லிட்டர் பாட்டிலுக்கு 20 சென்ட், குளிர்பான டப்பாவுக்கு 15 சென்ட் என்று விலையோடு சொன்னாள். கோடை நடுநாள் பண்டிகைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஊரே நாட்டுப்புறத்துக்குக் கிளம்பிவிட, கடைகள் பல மூடிக் கிடக்க, பால் வாங்க நாங்கள் நடையாய் நடந்தது நினைவிருக்கிறது. ‘கீழே இறங்க முடியாத அக்கா’ நினைவிருக்கிறது. மகனுக்கு ஒன்றும் நினைவில்லை. வீட்டார் சொன்னது பாதி சரிதான். அந்த ஜூன் மாதம் கோவையிலேயே கழிந்திருந்தாலும் அவனுக்கு நினைவிருந்திருக்காது என்பதால், அதை ஒரு காரணமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2024 ஆகஸ்ட் 18

கேள்வி கேட்ட சகோதரி போய்வந்துவிட்டார். வட்டப்பாதை மெட்ரோவில் மூன்று சுற்று, பூங்காவில் தட்டும் கரண்டியும் தயார், குப்பைப் பை ஒரு சுருள் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறார். கப்பலில் மட்டும்தான் சிக்கல்: என் பேச்சைக் கேட்டுச் சன்னல் இல்லாத அறை எடுத்திருக்கிறார்கள். விளக்கை அணைத்ததும் நான்கு வயது மகள், “கண் போய்விட்டது, கண் போய்விட்டது” என்று வீறிட்டு, பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டும் வரை அழுதிருக்கிறாள். கடைசியில் குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துத் தூங்கவைத்தார்களாம்.

மார்ச் 2 அன்று நான் எழுதியது என் இரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதியது. கொண்டுபோகும் சாமான்களில் குப்பைப் பைக்கும் ஒட்டுநாடாவுக்கும் கீழே ஒரு சின்ன இரவு விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.